21 வாரக் கர்ப்பம், மூன்று வயது மகள், ஐந்து ராத்திரி கடற்கரை: ஒரு நிகழ்வு ஆய்வு

கார்த்திகை பிறந்து இரண்டு நாள் இருக்கும். முகப்பில் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பெண் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள், ஸ்கேன் ரிப்போர்ட்டாக்கும் என்று நினைத்தால் மாலத்தீவில் கடலுக்குள் கால் நட்டு நிற்கும் ஓலைக் குடிலின் படம். "ஆச்சி, பொங்கல் லீவுக்கு இங்க போகணும். எனக்கு இப்ப 13 வாரம்" என்றாள். பக்கத்தில் மூன்று வயது மகள் என் ஸ்டேப்ளரை எடுத்துத் தன் சட்டையில் அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைவிட அந்த ஸ்டேப்ளர்தான் எனக்கு நிறையச் சொன்னது.

காரைக்குடியில் வீட்டு முகப்பிலேயே சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறேன். காசி, ராமேஸ்வரம், சொந்தக்காரர்களைப் பார்க்க சிங்கப்பூர் மலேசியா போகிறவர்கள், இதுதான் வழக்கமான வேலை. கர்ப்பிணியையும் சின்னப் பிள்ளையையும் கடற்கரைக்கு அனுப்பியது இதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் இதே கேள்வியோடு நாலைந்து பேர் வந்துவிட்டார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் தப்புச் செய்த இடங்களும் இதில் உண்டு.

ஆட்கள்

அவளுக்கு 29 வயது. இரண்டாவது கர்ப்பம். முதல் பிள்ளை 38 வாரத்தில் சுகப்பிரசவம், அப்போது சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வரவில்லை. இப்போது ஒற்றைக் கரு, ஹீமோகுளோபின் மட்டும் 10.8, கொஞ்சம் கம்மி, இரும்புச்சத்து மாத்திரை போய்க்கொண்டிருந்தது. கணவருக்குச் சென்னையில் வேலை, வாரக்கடைசியில் பல்லவன் ரயிலில் வந்து இறங்குவார். மகளுக்கு 3 வயது 2 மாதம், 13 கிலோ, யார் தூக்கினாலும் அழுவாள், அம்மா தூக்கினால் மட்டும் நிறுத்துவாள். இந்தக் கடைசி விஷயத்தை நான் அப்போது குறித்துக்கொள்ளவில்லை.

ஏன் போகணும் என்று கேட்டேன். "மூணு பேரா இருக்கறது இதுதான் கடைசி ஆச்சி. அப்புறம் பாப்பா அக்கா ஆயிடுவா, எனக்கு அவகூட உக்காரவே நேரம் இருக்காது." இதற்கு மேல் நான் என்ன கேட்பது? அதே காரணத்தால்தான் பெரியவர்கள் யாரையும் கூட்டிக்கொண்டு போக மாட்டோம் என்றும் முடிவாக இருந்தார்கள். அவளுடைய ஆத்தாவை மட்டுமாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை.

வீட்டில் எதிர்ப்பு கணவரின் அப்பத்தாவிடமிருந்து வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி கடல் தாண்டக்கூடாது, அவள் புருஷன் கடலில் முங்கவும் கூடாது என்று. நான் கொஞ்சம் சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "உங்க அப்பச்சி கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) பர்மாவுக்குக் கப்பல்ல போனவுகதான அப்பத்தா, நமக்குக் கடல் புதுசா?" என்றேன். "போனது ஆம்பளைக. எங்க ஆத்தா மூணு வருசம் இந்த வளவுலதான உக்காந்திருந்தாக" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

என் அளவுகோல்

ஊர் அழகா, ஓட்டலில் என்ன சாப்பாடு, இதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு அறையில் ரத்தக்கசிவு ஆரம்பித்தால், அறுவை அரங்கமும் குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம்? கிலோமீட்டர் வேண்டாம், நிமிடம் வேண்டும். அதுவும் பகல் கணக்கு வேண்டாம்.

இந்தக் கேள்வியில் மாலத்தீவு உடனே விழுந்தது. அவள் காட்டிய தீவுக்கு மாலேயிலிருந்து கடல் விமானம், அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். ராத்திரி என்றால் வேகப்படகு, அலையில் டங் டங் என்று அடித்துக்கொண்டு போகும், அதில் ஏற்றுவதற்குப் படகுக்காரர்களே கர்ப்பிணி என்றால் யோசிப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் மாலேயில்தான். தண்ணீர்க் குடிலின் திண்ணையில் கைப்பிடி கூட இல்லை, கீழே நேரே கடல். சின்னப் பிள்ளைகளை அந்தக் குடிலில் சேர்க்காத விடுதிகளே நிறைய இருக்கின்றன. மாலே விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவில் மணல் மேல் கட்டிய அறை எடுத்தால் கணக்கு மாறும், அதையும் சொன்னேன், "அப்ப அந்தப் படம் எதுக்கு ஆச்சி" என்று அவளே தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அந்தமானைக் கணவர் கொண்டு வந்தார். பாஸ்போர்ட் வேண்டாம், சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரம், ஜனவரியில் கடலும் அமைதி. ஆனால் அந்தமான் போகிறவர்கள் போர்ட் பிளேரில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கிறது), ஹேவ்லாக் என்கிற சுவராஜ் தீவுக்குத்தான் போவார்கள், அதற்குப் படகில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி நேரம், ராத்திரியில் அந்தப் படகும் கிடையாது. அங்கே மலேரியாவும் உண்டு. மலேரியாத் தடுப்புக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க மாட்டார்கள், வேறு மருந்து பார்க்க வேண்டும். எதற்கு இந்த வம்பு என்று விட்டோம்.

என் ஓட்டு கோவளத்துக்கு. திருவனந்தபுரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல, நகரத்தில் மருத்துவக் கல்லூரி, என் அளவுகோலில் இதை அடிக்க எதுவும் இல்லை. கணவர் ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு வந்து, 2021-இல் கேரளத்தில் கொசு பரப்பும் ஜிகா வைரஸ் முதலில் தெரிந்ததே திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான் என்றார். உண்மைதான். 2024-இல் புனேயிலும் பரவியது, அதற்காகப் புனேயில் யாரும் வீட்டைக் காலி செய்யவில்லையே என்றேன். ஜிகா கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தையின் தலை சிறுத்துப் பிறக்கலாம், புருஷனுக்கு வந்தாலும் உறவு மூலம் மனைவிக்குத் தொற்றும், அதனால் அவர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் பழைய செய்தியைப் பார்த்துப் பயப்படுவதைவிட, கிளம்புகிற மாதத்தில் அந்த ஊரில் என்ன ஓடுகிறது என்று டாக்டரிடம் கேட்பதுதான் உபயோகம். அப்புறம் அவள் மெதுவாகச் சொன்னாள், பாப்பாவுக்கு விமானத்தில் ஏற வேண்டுமாம். ஜிகாவெல்லாம் இல்லை, விஷயம் இதுதான்.

கடைசியில் இலங்கை. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொழும்புக்கு விமானம் இருக்கிறது, பறப்பது ஒரு மணி நேரம் போல. காரைக்குடிக்காரர்களுக்குச் சென்னை போகும் அலைச்சலே மிச்சம். நேர வித்தியாசம் இல்லை, பிள்ளையின் தூக்கம் கெடாது. 2016-இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. இடியாப்பம் கிடைக்கும் ஊர், மூன்று வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். இலங்கையில் எந்தக் கரை என்பது மாதத்தைப் பொறுத்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், அப்போது திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா என்று கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நேர் தலைகீழ். தமிழ் பேசும் ஊர் என்று பொங்கலுக்குத் திருகோணமலையில் அறை போட்டுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஜனவரிக்குப் பெந்தோட்டை என்று முடிவு செய்தோம், கொழும்புக்குத் தெற்கே 65 கிலோமீட்டர் போல, தெற்கு அதிவேக சாலையில் ராத்திரியில் ஒன்றேகால் மணி. கோவளத்தை அடிக்காது, ஆனால் ஏற்றுக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பெரிய குறை, டெங்கு. இலங்கையில் டெங்கு அதிகமாகும் காலங்களில் ஜனவரியும் சேரும். இதை நான் மறைக்கவில்லை. கர்ப்பத்தில் டெங்கு வந்தால் தட்டணுக்கள் இறங்கி ரத்தப்போக்கு, குறைமாதப் பிரசவம் வரைக்கும் போகலாம். அப்பத்தாவிடம் இதைச் சொல்லவில்லை, டாக்டரிடம் சொன்னோம்.

டாக்டர் போட்ட நிபந்தனை

அவளைப் பார்க்கும் டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. 14 முதல் 27 வாரம் வரைக்கும் பயணத்துக்கு நல்ல காலம்தான், வாந்தி நின்றிருக்கும், வயிறும் பெரிதாகியிருக்காது என்றார். ஆனால் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் முடிந்து, நஞ்சு (நஞ்சுக்கொடி) எங்கே இருக்கிறது, கருப்பை வாய் நீளம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் 'போ' என்று சொல்வேன் என்றார். நஞ்சு கீழே இறங்கியிருந்தாலோ, வாய் குட்டையாக இருந்தாலோ, நடுவில் ரத்தம் பட்டாலோ, ரத்த அழுத்தம் ஏறினாலோ பயணம் கிடையாது.

அதாவது ஸ்கேன் ஜனவரி முதல் வாரம், பயணம் ஜனவரி 17. டிக்கெட்டை இரண்டு வாரத்துக்கு முன்னால் எடுத்தால் பொங்கல் விலை. அதனால் டிசம்பரிலேயே எடுத்தோம், ஆனால் கூடுதலாகக் கொடுத்து ரத்து செய்யக்கூடிய டிக்கெட், ரத்து செய்யக்கூடிய அறை. கணவருக்கு அந்தக் கூடுதல் பணம் உறுத்தியது. "ஸ்கேன் நல்லாத்தான இருக்கும்" என்றார். நல்லா இருக்கும் என்று தெரிந்தால் ஸ்கேன் எதற்கு எடுக்கிறோம்? ஸ்கேன் சரியில்லாமல் போனால் என்று அரியமானில் ஒரு மாற்றையும் பேசி வைத்தேன், ராமநாதபுரம் பக்கம், அலையே இல்லாத கடல், பிள்ளைக்குப் போதும், காரில் போய் அன்றே திரும்பிவிடலாம்.

நடுவில் எங்கள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வந்தது. மாவுப் பிள்ளையாரில் திரியை ஏற்றி இழை எடுத்துக்கொள்ளும்போது (எரியும் திரியோடு மாவை வாயில் போட்டுக்கொள்வது) அவள் வயிற்றுப்பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு இழை எடுத்தாள். அதைப் பார்த்த பிறகு அப்பத்தா கொஞ்சம் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன். கொழும்புச் செட்டியார் தெருவில் நம்ம கதிரேசன் கோயில் இருக்கிறது, போகும் வழியில் கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அவரே சொன்னார்.

ஜனவரி 3-ஆம் தேதி ஸ்கேன். நஞ்சு மேலே, வாய் நீளம் சரி, குழந்தை சரி.

பாஸ்போர்ட்

மகளுக்குப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட 'இணைப்பு டி' உறுதிமொழி வேண்டும், பெற்றோர் பாஸ்போர்ட் நகல் வேண்டும். சின்னப் பிள்ளை பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். இதையெல்லாம் நவம்பரிலேயே கச்சிதமாக முடித்தேன். அவளுடைய பாஸ்போர்ட்டில் ஆறு வருடம் பாக்கி இருப்பதையும் பார்த்துவிட்டேன்.

கணவருடையதை நான் பார்க்கவே இல்லை. அடிக்கடி ஆபீஸ் வேலையாக வெளிநாடு போகிறவர், அவருக்குத் தெரியாததா என்று ஒரு நினைப்பு. டிசம்பர் 20-ஆம் தேதி இலங்கைக்கான இணைய அனுமதிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது பார்த்தால் அது ஜூனில் முடிகிறது. போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். ஐந்து மாதம்தான் இருந்தது. தட்கலில் ஓடி வாங்கினார், கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பத்து நாள் எனக்குத் தூக்கம் இல்லை. கர்ப்பிணி என்றதும் என் கண் முழுக்க அவள் மேலேயே இருந்தது, குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது மறந்துபோனது. இந்தப் பயணத்தில் எல்லாக் கோளாறும் இந்த ஒரே ஓட்டை வழியாகத்தான் வந்தது.

காப்பீட்டிலும் படித்துப் பார்த்தால்தான் தெரிந்தது, சாதாரணப் பயணக் காப்பீடு கர்ப்பம் சார்ந்த செலவை விலக்கிவிடுகிறது. பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றிய பேச்சே இல்லை. எங்களுக்குச் சரியான பாலிசி அமையவில்லை. கணவர் தன் கிரெடிட் கார்டின் வரம்பை ஏற்றி வைத்துக்கொண்டார். எடுத்த பாலிசி அவருக்கும் மகளுக்கும்தான் உபயோகம்.

கையில் கொடுத்து அனுப்பியது

ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதில் டாக்டரின் கடிதம்: எத்தனை வாரம், பிரசவத் தேதி, ஒற்றைக் கரு, ரத்த வகை, ஹீமோகுளோபின், விமானத்தில் போகலாம் என்ற வரி. பொதுவாக 28 அல்லது 32 வாரத்துக்கு மேல்தான் விமானக் கம்பெனிகள் சான்று கேட்கும், 36 தாண்டினால் ஏற்ற மாட்டார்கள், 21 வாரத்துக்குத் தேவையில்லை. ஆனாலும் கவுன்டரில் இருப்பவர் வயிற்றைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் காட்ட ஒரு தாள் இருப்பது நல்லது, திருச்சியில் கேட்கவும் செய்தார்கள். ஸ்கேன் நகல், பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்த எண்), போட்டுக்கொண்ட ஊசிகளின் விவரம்.

மருந்துப் பெட்டியில் பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தெர்மாமீட்டர். இபுபுரூஃபன் எடுத்து வைத்திருந்தார்கள், அதை வெளியே எடுக்கச் சொன்னேன். 20 வாரத்துக்கு மேல் கர்ப்பிணிக்கு ஆகாது, டெங்கு சந்தேகம் என்றால் யாருக்குமே ஆகாது, அவசரத்தில் அம்மா மாத்திரை எது, மகள் மருந்து எது என்று பார்க்க மாட்டோம்.

கொசுவுக்கு: டீட் கலந்த களிம்பு, 20 முதல் 30 சதவீதம், கர்ப்பிணிக்கும் ஆகும், டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்தார். முதலில் வெயில் களிம்பு, அது காய்ந்த பிறகு கொசுக் களிம்பு. பிள்ளையின் கையில் தடவக்கூடாது, வாயில் வைத்துவிடும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்பும்தான் ஜாஸ்தி. நம்ம ஆட்கள் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, காலையில் தோட்டத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள்.

அப்பத்தா ஒரு பழைய கண்டாங்கிச் சேலையைக் கொடுத்தனுப்பினார், பிள்ளையை மணலில் போட விரிக்க. அரக்கு நிறம், கட்டம் வெளுத்துப் போயிருந்தது. பெட்டியில் இடமில்லை என்று கணவர் முனகினார். அந்த ஆறு நாளில் அதிகம் பயன்பட்ட துணி அதுதான்.

போய் வந்தது

17-ஆம் தேதி காலை திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி. விமானத்தில் ஓரத்து இருக்கை, பெல்ட் வயிற்றுக்குக் கீழே. ஒரு மணி நேரப் பறப்பில் ரத்தம் உறையும் பயம் பெரிதாக இல்லை, நீண்ட பயணம் என்றால் மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்க வேண்டும். கொழும்பில் கதிரேசன் கோயிலில் ஒரு அர்ச்சனை, பிறகு பெந்தோட்டை.

அறைக்குப் போனதும் கணவர் செய்த முதல் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. வராந்தாவில் இருந்த பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரைக் கொட்டினாராம். ஒன்றில் புழு நெளிந்துகொண்டிருந்தது, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடாது, இப்படிக் கையகலத் தெளிந்த தண்ணீர் போதும் அதற்கு. அறைப் பையன் சிரித்தானாம், சிரிக்கட்டும்.

முதல் இரண்டு நாள் அவள் ஆசைப்பட்டபடியே போனது. காலை ஒன்பது வரைக்கும், பிறகு நாலு மணிக்கு மேல்தான் கடல். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் ஒரு அலை போதும் தள்ளிவிட, அதனால் கணுக்கால் நனையும் இடத்தில் கண்டாங்கியை விரித்து இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அலை வந்து நுனியை நனைத்துவிட்டுப் போவதும் பாப்பா கத்துவதும். அவள் அனுப்பிய வீடியோவில் முகமே தெரியவில்லை, இரண்டு ஜோடிக் கால், நடுவில் வயிற்றின் நிழல். கணவர் கடலில் முங்கவில்லை. அப்பத்தாவுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், எதற்கு ஆச்சி, என்றார். கொஸ்கொடையில் ஆமைக்குஞ்சு பார்த்தார்கள். சதுப்பு நிலப் படகுச் சவாரியைக் கொசுவுக்குப் பயந்து விட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினேன். ஓட்டல் அட்டையில் 'தலபத்' என்று ஒரு மீன் போட்டிருந்ததாம், சாப்பிடலாமா என்று கேட்டாள். அது நம்ம ஊர் மயில்மீன் வகை, பெரிய வேட்டை மீன், சுறா மாதிரியே பாதரசம் சேர்ந்திருக்கும், வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது. நெத்திலியும் மத்தியும் தாராளமாகச் சாப்பிடு என்றேன்.

மூன்றாம் ராத்திரி, 19-ஆம் தேதி, பதினொரு மணிக்கு எனக்குப் போன். மகளுக்கு 102 காய்ச்சல், காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நான் எழுதிக்கொடுத்திருந்த பட்டியலில் முதலில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இருபது நிமிடத்தில். அங்கே மகப்பேறு மருத்துவர் அழைத்தால் வருவார், பிரசவ அறை இருந்தது, எல்லாம் நான் விசாரித்தபடியே இருந்தது. குழந்தை மருத்துவர் மட்டும் காலை எட்டு மணிக்குத்தான். ஏனென்றால் நான் விசாரித்தது முழுக்கப் பிறக்கப்போகும் பிள்ளைக்காக. பிறந்து மூன்று வருடமான பிள்ளைக்கு ராத்திரி யார் பார்ப்பார்கள் என்று கேட்கவே இல்லை.

இரவுப் பணி டாக்டர் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார். இருவரும் டெங்கு என்று பயந்து, காத்திருக்காமல் கொழும்புக்குக் கிளம்பிவிட்டார்கள். வேனில் பிள்ளைக்கான இருக்கை கிடையாது, அப்பாவிடம் போகவும் மாட்டேன் என்கிறாள், 13 கிலோவையும் மடியில் அணைத்துக்கொண்டு அம்மாதான் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். பெல்ட்டைச் சரியாகப் போட வழியில்லை. இறங்கி அவசரப் பிரிவு வரைக்கும் தூக்கி நடந்ததும் அவள்தான்.

அங்கே இருந்த குழந்தை மருத்துவர் காதைப் பார்த்தார், நடுக்காதில் தொற்று, சளியிலிருந்து வந்தது. டெங்கா என்று கேட்டதற்கு, எப்போது வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். இரண்டரை நாள் என்றதும், "கொசு கடிச்சு நாலு நாளிலிருந்து பத்து நாளுக்குள்ளதான் காய்ச்சல் வரும், இது டெங்குன்னா உங்க ஊர்க் கொசு" என்றாராம். அந்த நேரத்திலும் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளம்பும்போதே பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியிருக்கிறது, பயணம் நின்றுவிடுமோ என்று டாக்டரம்மாவிடமும் என்னிடமும் சொல்லவில்லை.

பிள்ளை தூங்கிய பிறகு, மூன்று மணிக்கு, அவளுக்கு வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விட்டது. இடுப்பும் பிடித்துக்கொண்டது. அதே ஆஸ்பத்திரியில் மகப்பேறு பிரிவு மாடியில் இருந்தது, போய்ப் படுக்க வைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, ஒரு மணி நேரம் பார்த்தார்கள். இதயத்துடிப்பு சரி, கருப்பை வாய் திறக்கவில்லை. தண்ணீர் குடிக்காததாலும் தூக்கியதாலும் வந்தது என்றார்கள், நின்றுவிட்டது. என் அளவுகோல் பயன்பட்ட ஒரே இடம் அதுதான், அதுவும் நான் நினைத்த வழியில் இல்லை.

மிச்ச நாட்களை அறையிலேயே கழித்தார்கள். 22-ஆம் தேதி திரும்பினார்கள். காதுத் தொற்றோடு விமானம் இறங்கும்போது வலிக்கும் என்று, இறங்க ஆரம்பித்ததும் உறிஞ்சுகுழலில் ஜூஸ் கொடுக்கச் சொல்லியிருந்தார் கொழும்பு டாக்டர், கொடுத்தார்கள், அழவில்லை. ஆஸ்பத்திரிச் செலவில் மகளுடைய பங்கு பாலிசியில் நாமே கட்ட வேண்டிய கழிவுத் தொகைக்குள்ளேயே அடங்கிவிட்டது, காப்பீட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை. தாயின் செலவுக்கு முதலிலேயே வழியில்லை.

இப்போது நான் மாற்றிக்கொண்டது

ஆஸ்பத்திரி விசாரிக்கும்போது இரண்டு கேள்வி கேட்கிறேன், பிரசவ டாக்டர் ராத்திரி உண்டா, குழந்தை டாக்டர் ராத்திரி உண்டா. இரண்டும் ஒரே கட்டடத்தில் இல்லாத இடம் என் பட்டியலில் ஏறாது. எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மேசையில் வரிசையாக வைத்து முடியும் தேதியை நானே உரக்கப் படிக்கிறேன், கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி. பிள்ளைக்கான கார் இருக்கை வைத்திருக்கும் வண்டியை முன்கூட்டியே கேட்டு வாங்குகிறேன், கிடைக்காவிட்டால் இங்கிருந்தே தூக்கிப் போகச் சொல்கிறேன், பெரும்பாலான விமானங்களில் அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் பிள்ளையை ஒரு டாக்டர் பார்த்துக் காதையும் தொண்டையையும் சரி என்று சொல்ல வேண்டும்.

அப்புறம், வந்தவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: பிள்ளை அழுதால் யாரிடம் போகும்? அம்மாவிடம் மட்டும்தான் என்றால், பயணத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே அப்பா குளிப்பாட்டித் தூங்க வைத்துப் பழக்க வேண்டும், முடியாது என்றால் கூட ஒரு ஆள் வேண்டும். இதைச் சொன்னால் சில கணவர்கள் முறைக்கிறார்கள். பரவாயில்லை.

அவளுக்கு மே கடைசியில் பையன் பிறந்தான், காரைக்குடியிலேயே, சுகப்பிரசவம். குழந்தை பார்க்கப் போயிருந்தபோது அந்த மருந்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள், வேறு யாருக்காவது ஆகும் ஆச்சி என்று. திறந்து பார்த்தேன். பாராசிட்டமால் பாட்டில் பாதி, உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தில் இரண்டு குறைந்திருந்தது, தெர்மாமீட்டர் மூடியில் இன்னும் கொஞ்சம் மணல். கண்டாங்கி பட்டாலைத் தூணிலிருந்து தூணுக்குக் கட்டிய கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, சின்னவனுக்குத் தொட்டில் கட்டப் போகிறார்களாம்.